ஜாஸ் பாடகர்களும் அவர்கள் தேர்ந்த பாட்டுகளும்

ஜாஸ் குரலிசை ஆல்பம் 1950களில் அமெரிக்காவில் உருப்பெற்ற வடிவம். ஜாஸ் பாட்டு அதைவிட ஒரு தலைமுறை மூத்தது. 1926 பிப்ரவரியில் லூயி ஆம்ஸ்ட்ராங் சிகாகோவில் 'ஹீபி ஜீபீஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தபோது, நடுவில் சொற்களை விட்டுவிட்டு வெறும் ஒலிகளாலேயே மெட்டை வளர்த்தார். 'ஸ்கேட்' எனப்படும் அந்தப் பாணியை நாடெங்கும் கொண்டுபோனது அந்தத் தட்டுதான். ஆனால் அக்காலத்து 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் அடங்கும். முன்னும் பின்னுமாக இரண்டு பாட்டு, அத்தோடு சரி. ஓர் இரவு முழுக்க மேடையில் ஒரே மனநிலையைக் கட்டி எழுப்பும் பாடகியின் ஆற்றலில் சிறு துணுக்கு மட்டுமே தட்டில் ஏறியது.

மின்சார ஒலிப்பதிவு 1925இல் வந்தபோது குரலின் தன்மையே மாறியது. பெஸ்ஸி ஸ்மித் போன்றவர்கள் மைக் இல்லாமல் கூடாரத்தையும் நாடகக் கொட்டகையையும் நிரப்பிய குரல்காரர்கள். அடுத்து வந்த பில்லி ஹாலிடேக்கு அந்த வலு தேவைப்படவில்லை. 1933இல் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் ஏற்பாட்டில் முதல் தட்டைப் பதிவு செய்த அவர், மைக்குக்கு அருகில் நின்று பேச்சுக்கு நெருக்கமான தொனியில் பாடினார். தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கிச் சொல்லை வைப்பது அவர் வழக்கம். இன்றைய ஜாஸ் பாடகிகள் எல்லாருக்கும் மைக் நெருக்கத்தின் இலக்கணம் அவரிடமிருந்தே வருகிறது.

கொலம்பியா நிறுவனம் 1948 ஜூனில் எல்பி தட்டை வெளியிட்டது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடிய அந்தத் தட்டில் பத்துப் பன்னிரண்டு பாட்டை ஒரு வரிசையில் அடுக்க முடிந்தது. எந்தப் பாட்டுகள், எந்த வரிசையில் என்ற கேள்வி அப்போதுதான் பிறந்தது. அதற்கு விடை கிடைக்கப் பழைய சட்டம் ஒன்று உதவியது. 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளர் ஒருமுறை இசைத்தட்டுக்கு அனுமதித்துவிட்ட பாட்டை அதன்பின் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம்; பிரதிக்கு 2 சென்ட் கட்டினால் போதும். இந்தக் கட்டணம் 1978 வரை மாறவே இல்லை. பிராட்வே நாடகங்களுக்காகவும் சினிமாவுக்காகவும் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான பாட்டுகள் இவ்வாறு ஜாஸ் பாடகர்களின் பொதுச் சொத்தாயின. அவற்றில் நிலைத்தவை 'ஸ்டாண்டர்டு' எனப்பட்டன. பெரும்பாலும் 32 அளவைக்குள் முடியும் சிறிய பாட்டுகள் அவை. கச்சேரியில் ஒரு வரியை எடுத்து நிரவலில் விரிப்பதுபோல, தெரிந்த பாட்டைத் தெரியாத பாதையில் கொண்டுபோவதே ஜாஸ் பாடகருக்கு மரியாதை சேர்த்தது.

இதை ஆல்பமாக்குவதில் முன்மாதிரி வகுத்தவர் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்காகவே அவர் வெர்வ் நிறுவனத்தைத் தொடங்கி, 1956இல் கோல் போர்ட்டரின் 32 பாட்டுகளை இரட்டை எல்பியாக வெளியிட்டார். ஒரு பாடலாசிரியரின் படைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு குரலில் தொகுப்பது அதன் திட்டம். 1964க்குள் அந்த வரிசையில் எட்டுத் தொகுப்புகள் வந்தன. கெர்ஷ்வின் சகோதரர்களுடையது மட்டும் ஐந்து எல்பி. நாடக மேடையோடு மறைந்திருக்க வேண்டிய பாட்டுகள் இலக்கியம்போல் வாசித்துப் பேசப்பட்டதற்கு இந்த வரிசை முக்கியக் காரணம்.

அதற்கு நேர்மாறான துருவத்தில் நிற்கிறது பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்' (1958). ரே எல்லிஸின் வயலின் கூட்டத்துக்கு நடுவே, நைந்துபோன குரலோடு அவர் பாடிய அந்தத் தட்டு வந்து ஓராண்டு கடந்த வேளையில், 1959 ஜூலையில், 44 வயதில் அவர் மறைந்தார். குரல்வளம் கழன்ற பிறகும் சொல்லின் பொருள் நிற்கும் என்பதை இவ்வளவு துணிவாகக் காட்டிய பதிவு வேறில்லை. எல்லாவின் தெளிவும் பில்லியின் காயமும் என்ற இரண்டு அளவுகோல்களை வைத்தே பின்னாளில் வந்த ஒவ்வொரு ஜாஸ் பாடகியும் எடைபோடப்பட்டார். இது பலருக்குச் சுமையாகவும் ஆனது.

1960களின் நடுவிலிருந்து ராக் இசை சந்தையை எடுத்துக்கொண்டது. பெரிய நிறுவனங்கள் ஜாஸ் பாடகர்களைக் கைவிட்டன, அல்லது அன்றைய பாப் பாட்டுகளைப் பாடச் சொல்லி நெருக்கின. அந்த வறட்சியில் பெட்டி கார்ட்டர் எடுத்த முடிவு வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. 1969 வாக்கில் அவர் 'பெட்-கார்' என்று சொந்த நிறுவனம் தொடங்கித் தன் தட்டுகளைத் தானே வெளியிட்டார். 'தி ஆடியன்ஸ் வித் பெட்டி கார்ட்டர்' (1980) என்ற நேரடிப் பதிவில் ஒரே பாட்டு இருபத்தைந்து நிமிடம்போல நீள்கிறது. எந்தப் பெரிய நிறுவனமும் அதற்கு அன்று சம்மதித்திராது. இளம் கலைஞர்களைத் தன் குழுவில் சேர்த்துப் பயிற்றுவித்து அனுப்புவதும் அவர் வழக்கம். முல்கிரூ மில்லர், சைரஸ் செஸ்ட்நட் போன்ற பியானோ கலைஞர்கள் அவரிடம் தேறியவர்கள். 1988இல் வெர்வ் அவரைத் தேடி வந்தபோது, பழைய பெட்-கார் தட்டுகளும் மறுபடி கடைக்கு வந்தன.

வெர்வ் தேடி வந்ததற்குக் காரணம் சிடி. பழைய பதிவுகளைச் சிடியாக்கி விற்றதில் நிறுவனங்களுக்குப் பணம் புரண்டது. உயிரோடிருக்கும் மூத்தவர்களுக்கும் இடம் கிடைத்தது. ஏபி லிங்கன் 1991இல் 'யூ காட்டா பே தி பேண்ட்' வெளியிட்டார். அதில் சாக்ஸஃபோன் வாசித்த ஸ்டான் கெட்ஸ் அதே ஆண்டு இறந்தார். வாஷிங்டனை விட்டு அதிகம் வெளியேறாமல், தானே பியானோ வாசித்துக்கொண்டு, நம்ப முடியாத விளம்ப காலத்தில் பாடிவந்த ஷெர்லி ஹார்ன், ஜானி மாண்டலின் இசைக்கோர்ப்பில் 'ஹியர்ஸ் டு லைஃப்' (1992) பதிவு செய்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இவர்களுக்குக் கிடைத்த இந்த இரண்டாம் வாழ்வு, ஜாஸ் குரலிசையின் மிக அழகான அத்தியாயங்களில் ஒன்று.

இன்றைய ஜாஸ் குரலிசை என்று சொல்லப்படுவது 1993இல் தொடங்குகிறது என்று கொள்வதே பொருத்தம். அந்த ஆண்டு கசாண்ட்ரா வில்சனின் 'புளூ லைட் டில் டான்' புளூ நோட் நிறுவனத்திலிருந்து வந்தது. மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சனில் பிறந்த வில்சன், நியூயார்க் வந்து ஸ்டீவ் கோல்மனின் எம்-பேஸ் வட்டத்தில் சிக்கலான தாளங்களோடு பழகியவர். 1988இல் ஸ்டாண்டர்டு பாட்டுகளை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் செய்து பாராட்டும் பெற்றிருந்தார். அந்தப் பாதையிலேயே போயிருந்தால் இன்னொரு நல்ல பாடகியாக நின்றிருப்பார். தயாரிப்பாளர் கிரெய்க் ஸ்ட்ரீட்டுடன் சேர்ந்து அவர் வேறு வழி எடுத்தார். பியானோ மூவர் குழு என்ற வழக்கமான பின்னணி ஒதுங்கி, கம்பி கிட்டார்களும் கைத்தாளக் கருவிகளும் முன்னால் வந்தன. ஸ்டாண்டர்டு பாட்டுகளுக்குப் பக்கத்தில் ராபர்ட் ஜான்சனின் கிராமத்து புளூஸ், ஜோனி மிச்செல், வேன் மாரிசன் ஆகியோரின் பாட்டுகள் இடம்பெற்றன. அடுத்த ஆல்பமான 'நியூ மூன் டாட்டர்' (1995) பில்லி ஹாலிடேயோடு அடையாளமாகிவிட்ட 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'டில் தொடங்கி, ஹாங்க் வில்லியம்ஸ், யூ2 என்று பரந்து செல்கிறது. கறுப்பின மக்கள் கும்பல்களால் தூக்கிலிடப்பட்டதைப் பற்றிய அந்தப் பாட்டைக் கிட்டாரோடு பாடியபோது, பிராட்வேயைவிடத் தென் மாநிலத்து மண்ணே ஜாஸ் பாட்டுக்குத் தாய்நிலம் என்று வில்சன் சொல்லாமல் சொன்னார். எதைப் பாடலாம் என்ற எல்லை அதோடு அகன்றது.

அந்த அகலத்தில் நடந்து பெரும் வணிக வெற்றி கண்டவர் நோரா ஜோன்ஸ். அதற்கு முன்னால் கனடாவின் டயானா கிரால், 'வென் ஐ லுக் இன் யுவர் ஐஸ்' (1999) ஆல்பத்தை ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரை வரை கொண்டுபோய், ஸ்டாண்டர்டு பாட்டுக்கு இன்னும் சந்தை உண்டு என்று காட்டியிருந்தார். நோரா, சிதார் மேதை ரவி சங்கரின் மகள். தாய் சூ ஜோன்ஸிடம் டெக்சாஸில் வளர்ந்து, வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பியானோ படித்தவர். 2002இல் புளூ நோட் வெளியிட்ட 'கம் அவே வித் மீ' உலகெங்கும் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. மறு ஆண்டு கிராமி விழாவில் அவர் ஐந்து விருது பெற்றார். அவற்றில் ஜாஸ் விருது ஒன்றுகூட இல்லை. குரல் ஆல்பத்துக்கான விருது பாப் பிரிவில்தான் கிடைத்தது. இது ஜாஸ்தானா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. ஹோகி கார்மைக்கேலின் ஒரு பழைய பாட்டைத் தவிர அதில் ஸ்டாண்டர்டு அரிது; குரல் மனோதர்மமும் குறைவு. ஆயினும் சொல்லை வைக்கும் அடக்கமும் பியானோவின் சிக்கனமும் ஜாஸ் பள்ளியில் கற்றவை.

விருது முறையிலும் ஆல்பமே அலகானது. ஜாஸ் குரலுக்கான தனிக் கிராமி 1977 விழாவிலிருந்து இருந்தது. நடுவில் ஆண், பெண் என்று பிரித்தும் கொடுத்தார்கள். 2001 முதல் அதற்குச் 'சிறந்த ஜாஸ் குரலிசை ஆல்பம்' என்று பெயர். அந்தப் பெயரில் முதல் விருதைப் பெற்ற டயான் ரீவ்ஸ், அடுத்தடுத்த மூன்று ஆல்பங்களுக்கு அதை வென்றார். அவற்றில் ஒன்று பாடகி சாரா வானுக்குச் செலுத்திய அஞ்சலி.

ஆண் பாடகர்கள் இந்தக் களத்தில் எண்ணிக்கையில் குறைவு. சிகாகோவின் கர்ட் எல்லிங், 1950களில் கிங் பிளெஷர், ஜான் ஹெண்ட்ரிக்ஸ் ஆகியோர் வளர்த்த 'வோகலீஸ்' முறையை, அதாவது பதிவான வாத்தியத் தனி ஆவர்த்தனத்துக்குச் சொல் எழுதிப் பாடும் முறையை, கவிதையோடும் தத்துவத்தோடும் இணைத்தார். கிரெகரி போர்ட்டர் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் வளர்ந்தவர். ஃபுட்பால் உதவித்தொகையில் கல்லூரி சேர்ந்து, தோள் காயத்தால் ஆட்டத்தை விட்டவர். முதல் ஆல்பம் 'வாட்டர்' (2010) வரும்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தேவாலயப் பாட்டின் கனத்த குரலில் பெரும்பாலும் சொந்தப் பாட்டுகளையே பாடும் அவருடைய 'லிக்விட் ஸ்பிரிட்' (2013) கிராமி பெற்றது.

பாஸ் வாத்தியத்தை வாசித்துக்கொண்டே பாடும் எஸ்பெரான்சா ஸ்பால்டிங் 2011இல் சிறந்த புதுமுகக் கலைஞருக்கான கிராமியை ஜஸ்டின் பீபரை முந்திப் பெற்றபோது, ஜாஸ் கேட்காதவர்களும் பெயரை விசாரித்தார்கள். 2017இல் இணையத்தில் நேரலையாகக் காட்டிக்கொண்டே 77 மணி நேரத்தில் ஓர் ஆல்பத்தை எழுதிப் பதிவு செய்து, 7,777 பிரதிகள் மட்டும் வெளியிட்டார்.

இந்தத் தலைமுறையில் பாட்டுத் தேர்வையே கலையாக்கியவர் செசில் மெக்லோரின் சல்வான்ட். மயாமியில் ஹெய்தித் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் 1989இல் பிறந்து, பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் சட்டமும் பரோக் சங்கீதமும் படிக்கப் போனவர், அங்கேதான் ஜாஸுக்கு வந்தார். 2010இல் தெலோனியஸ் மாங்க் பெயரிலான ஜாஸ் போட்டியில் வென்றார். 'உமன்சைல்டு' (2013) ஆல்பத்தில் பெர்ட் வில்லியம்ஸ், வலேடா ஸ்னோ ஆகியோரின் காலத்துப் பாட்டுகளை எடுத்துப் பாடினார். கறுப்பினப் பெண்ணைக் காட்டுமிராண்டி என்று சித்திரித்த வரிகளையும் ஒதுக்காமல், அவற்றின் கொடுமை கேட்பவர் காதில் உறைக்கும்படி பாடும் துணிவு அவருடையது. எல்லாவின் தெளிவும் பில்லியின் காயமும் ஒரே குரலில் கூடிவந்தது இவரிடம்தான். 2016, 2018, 2019 ஆண்டுகளில் கிராமி பெற்றார். 'மெலுசின்' (2023) ஆல்பத்தில் பிரெஞ்சு, ஆக்ஸிட்டான், ஹெய்திக் கிரியோல், ஆங்கிலம் ஆகிய மொழிகள் வருகின்றன. சில பாட்டுகள் 12ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்பவை.

இந்தியக் குரல்களும் இந்த வரலாற்றில் உண்டு. பில்லி ஹாலிடேயை முதலில் பதிவு செய்த ஜான் ஹாமண்டின் முயற்சியால், பம்பாயின் ஆஷா புத்லி, சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'சயன்ஸ் ஃபிக்ஷன்' தட்டில் இரண்டு பாட்டுப் பாடினார். அது 1972இல் வந்தது. பெங்களூரின் கர்நாடக இசைப் பாடகி ஆர்.ஏ. ரமாமணி, சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் 'ஜோதி' ஆல்பத்தை 1983இல் ஈசிஎம் நிறுவனத்துக்காகச் செய்தார். நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா, 'ஐக்கியம்: ஒன்னு' (2018) ஆல்பத்தில் ஜாஸ் ஸ்டாண்டர்டு பாட்டுகளைத் தமிழாக்கிப் பாடினார். பின்னர் ஸ்பால்டிங்கின் 'சாங்ரைட்ஸ் அப்போத்தகரி லேப்' (2021) ஆல்பத்திலும் பங்கேற்றார்.

நியூயார்க்கின் பிராங்ஸில் 1999இல் பிறந்த சமாரா ஜாய், 2019இல் சாரா வான் பெயரிலான போட்டியில் வென்று, 'லிங்கர் அவைல்' (2022) ஆல்பத்தால் சிறந்த புதுமுகம், சிறந்த ஜாஸ் குரலிசை ஆல்பம் என்ற இரண்டு கிராமிகளையும் 2023இல் பெற்றார். ஃபேட்ஸ் நவாரோவின் டிரம்பெட் வாசிப்புக்குத் தானே சொல் எழுதிப் பாடிய இளம்பெண்ணை, சமூக ஊடகக் காணொளிகள் வழியே அவர் வயதொத்தவர்கள் கேட்டார்கள். ஆனால் இத்தகைய வெற்றி விதிவிலக்கு. சிடி விற்பனை சரிந்து, இணைய ஒலிபரப்பின் வருமானம் சொற்பமாகிவிட்ட நிலையில், பெரும்பாலான ஜாஸ் பாடகர்களுக்கு ஆல்பம் என்பது கைக்காசைப் போட்டுச் செய்யும் பணி. வருமானம் மேடையிலும் வகுப்பறையிலும்தான். பெட்டி கார்ட்டர் வேறு வழியின்றி எடுத்த பாதை இன்று பொதுவழி ஆகிவிட்டது. 2024இல் சிறந்த ஜாஸ் குரலிசை ஆல்பத்துக்கான கிராமியைப் பெற்றது, நிக்கோல் சுரைட்டிஸ் பெரிய நிறுவனம் எதையும் சாராமல் வெளியிட்ட 'ஹவ் லவ் பிகின்ஸ்'.