பங்கு மகளுக்கு, ஆசனம் யாருக்கு?

யாழ்ப்பாணத்துத் தேசவழமை பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் நகையும் கொடுத்தது. ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த அச்சட்டத்தின்படி, சீதனம் வாங்கிய மகள் பின்னர் பெற்றோரின் முதுசத்தில் உரிமை கோர முடியாது. ஆகவே வீட்டுறுதி பெண்ணின் பெயரில் இருந்தது. கொழும்புக் கடையின் கல்லாப்பெட்டி ஆண்பிள்ளையிடம் போனது. செட்டிநாட்டு நகரத்தாரிடமும் மணமுடித்த மகள் கணவனுடைய கோயிலுக்கும் புள்ளிக்கும் உரியவளாகி விடுவாள். தகப்பனின் தொழிலை மகனே தொடர்வான்.

இந்த வழக்கத்தை அண்மையில் ஒரு மகள் நேருக்கு நேர் எதிர்கொண்டார். 1900 இல் பர்மாவில் வட்டித் தொழிலாகத் தொடங்கியது முருகப்பா குழுமம். அதன் முன்னாள் தலைவர் எம்.வி. முருகப்பன் 2017 இல் காலமானார். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். குடும்பத்தின் தாய்க் கம்பனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் சுமார் 8 வீதப் பங்கு மனைவிக்கும் மகள்மாருக்கும் வந்தது. மூத்தவர் வள்ளி அருணாசலம், அமெரிக்காவில் வாழும் அணுப்பொறியியலாளர். நிர்வாக சபையில் ஓர் ஆசனம் தாருங்கள், இல்லையேல் எங்கள் பங்குகளை நியாயமான விலைக்கு வாங்கிக் கொள்ளுங்கள் என்று கேட்டார்.

கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 இல் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, கம்பனியின் பொதுக்கூட்டத்தில் 91 வீதத்துக்கு மேலான வாக்குகள் வள்ளிக்கு எதிராக விழுந்தன. 2023 இல்தான் பிணக்கு சமரசத்தில் முடிந்தது. பங்கைச் சட்டம் கொடுக்கலாம். ஆசனத்தைக் கொடுப்பது மற்றப் பங்காளிகளின் மனம்.

அமெரிக்காவும் இதற்கு விலக்கல்ல. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையை 1933 இல் வாங்கிய யூஜின் மேயர், பின்னர் அதன் பொறுப்பை மகள் கதரினிடம் அல்ல, மருமகனிடமே ஒப்படைத்தார். 1963 இல் கணவர் இறந்த பின்பே கதரின் கிரகாம் தலைமையேற்றார். வாட்டர்கேட் விவகாரத்தை அப்பத்திரிகை துருவி எழுதியது அவருடைய காலத்தில்தான்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. சென்னையின் டஃபே உழவு இயந்திரக் கம்பனியில் மல்லிகா சீனிவாசன் 1986 இல் சேர்ந்தார். தந்தை சிவசைலம் 2011 இல் மறையும்வரை கால் நூற்றாண்டு அங்கே தொழிலைப் பழகி நடத்தினார். தலைமை அவரிடம் வந்தபோது யாருக்கும் அது புதுமையாகத் தெரியவில்லை.

நியூஜேர்சியிலும் டெக்ஸாஸிலும் கடையோ பெற்றோல் நிலையமோ நடத்தும் எம்மவர், மரணசாசனத்தில் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி எழுதலாம். ஆனால் வங்கியில் கடன் பேசவும் காசோலையில் கையெழுத்திடவும் மகனை மட்டும் பழக்கினால், அந்தச் சரிபாதியும் இன்னொரு சீதனமே.