ஒரு சொடுக்குக்கு இருபது ஆண்டு

1999 செப்டம்பர் 28 அன்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அமேசானுக்கு 5,960,411 என்ற எண்ணுள்ள காப்புரிமையை வழங்கியது. வாடிக்கையாளரின் முகவரியும் கடன் அட்டை விவரமும் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், ஒரு பொத்தானை ஒரே முறை சொடுக்கியதும் கொள்முதல் முடிந்துவிடும் என்பதே அதன் சாரம். இருபத்துமூன்று நாள் கழித்து அமேசான் தன் போட்டியாளரான பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது சியாட்டிலில் வழக்குத் தொடுத்தது. டிசம்பர் 1 அன்று, கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் வேளையில், நீதிபதி மார்ஷா பெக்மன் இடைக்காலத் தடை விதித்தார். பார்ன்ஸ் அண்ட் நோபிள் அதன்பின் புதிய முறை எதையும் கண்டுபிடிக்கவில்லை. தன் தளத்தில் இன்னொரு சொடுக்கைச் சேர்த்தது. புத்தகம் வாங்குகிறவருக்கு எந்தப் பயனும் இல்லாத ஒரு படி, சட்டத்துக்காக மட்டும் வந்து உட்கார்ந்தது. தொழில்கள் முன்னேற வேண்டும் என்பதற்காக எழுந்த ஒரு சட்டம், தொழிலில் இருப்பவர் ஒருவரைத் தன் பொருளை வேண்டுமென்றே மோசமாக்க வைத்தது. எளிய இடைமுக வசதிகளுக்குக் காப்புரிமை தருவது தொழில்நுட்ப வளர்ச்சியை முடக்குகிறதா என்ற கேள்வியை அந்தக் கூடுதல் சொடுக்கிலிருந்தே விசாரிக்கத் தொடங்கலாம்.

காப்புரிமை என்பது அரசு கண்டுபிடிப்பாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். உன் செய்முறையை மறைக்காமல் எழுதிக் கொடு, அதற்கு ஈடாக இருபது ஆண்டுகள் அது உனக்கு மட்டும் உரியது என்கிறது அரசு. ஒரு மருந்தின் தயாரிப்பு முறையையோ உலோகக் கலவையையோ எடுத்துக்கொண்டால் இந்த ஒப்பந்தத்தில் மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இல்லாவிட்டால் தொழிற்சாலைச் சுவருக்குள் புதைந்து போயிருக்கக்கூடிய அறிவு வெளியே வருகிறது. இடைமுக வசதி அப்படிப்பட்டதல்ல. அது திரையில் தோன்றிய அன்றே அதன் ரகசியம் முடிந்துவிடுகிறது. ஒரு சொடுக்கில் பொருள் வாங்கலாம் என்று கண்ணால் பார்த்த எந்த நிரலாளரும் அதைத் தானே எழுதிக்கொள்ள முடியும். காப்புரிமை ஆவணத்தைப் புரட்ட வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. மறைக்க வழியே இல்லாத ஒன்றை வெளிப்படுத்தியதற்காக இருபது ஆண்டு ஏகபோகத்தை விலையாகக் கொடுக்கிறோம். இடைமுகத்தின் பயனில் பெரும்பகுதி அது எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில் அடங்கியிருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும். கடைக்குக் கடை படியின் அளவு மாறினால் சந்தையில் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

மென்பொருள் தொழில் இந்தக் காப்புரிமைகள் இல்லாமலே வேரூன்றியது என்பதை இந்த விவாதத்தில் பலரும் மறந்துவிடுகிறார்கள். டக்ளஸ் எங்கெல்பார்ட் உருவாக்கிய மவுஸுக்கு 1970இல் காப்புரிமை கிடைத்தது உண்மை. அது சக்கரங்களும் மின்சுற்றும் கொண்ட ஒரு கருவி. ஆனால் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1970களில் உருவான சாளரங்களும் படக்குறிகளும் ஆப்பிளின் மெகின்டோஷுக்கு வந்து, அங்கிருந்து விண்டோஸுக்குப் போனபோது அவற்றை மறித்துக் காப்புரிமைச் சுவர் எதுவும் நிற்கவில்லை. 1988இல் ஆப்பிள் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த புகழ்பெற்ற வழக்குகூடப் பதிப்புரிமை வழக்குதான். அதில் ஆப்பிள் தோற்றது. இன்னும் தெளிவான சான்று விசிகால்க். டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் 1979இல் வெளியிட்ட அந்த மென்பொருள்தான், தனிக் கணினியை வணிக அலுவலகங்களுக்குள் கொண்டுசென்ற முதல் விரிதாள். காப்புரிமை பற்றி வழக்கறிஞரிடம் கேட்டபோது, கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்ற பதிலே அவர்களுக்குக் கிடைத்தது. 1972இலும் 1978இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கணக்கீட்டு முறைகளுக்குக் காப்புரிமை தர மறுத்திருந்த காலம் அது. 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது, 1985இல் எக்செல் வந்தது. ஒவ்வொன்றும் முன்னதன் தோளில் ஏறி நின்றது.

பிரிக்லினுக்கும் ஃபிராங்ஸ்டனுக்கும் உரிய செல்வம் கிடைக்கவில்லையே என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுடைய நிறுவனத்தை 1985இல் லோட்டஸே வாங்கிக்கொண்டது. ஆனால் விரிதாளுக்குக் காப்புரிமை கிடைத்திருந்தால், வரிசையும் நெடுவரிசையுமாக எண்களை அடுக்கித் தானாகக் கணக்குப் போடும் அந்த வசதி 1990களின் பிற்பகுதி வரை ஒரே நிறுவனத்தின் அனுமதிக்காகக் காத்திருந்திருக்கும். அந்தப் பதினைந்து ஆண்டுகளில்தான் விரிதாள் சிறு வணிகரின் மேசைக்கும் கல்லூரி மாணவரின் கைக்கும் வந்து சேர்ந்தது. அன்றைய கருத்துகளுக்கெல்லாம் மக்கள் காப்புரிமை வாங்கியிருந்தால் இந்தத் தொழில் அசையாமல் நின்றுபோயிருக்கும் என்ற பொருளில் பில் கேட்ஸ் 1991இல் தம் நிறுவனத்தாருக்கு எழுதினார். அதே குறிப்பில், இனி நாமும் இயன்றவரை காப்புரிமைகளைச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார். வேலி தவறு என்று அறிந்தவரும் வேலி போட்டுத் தீர வேண்டிய நிலை அப்போதே வந்துவிட்டது.

அந்த நிலையை உருவாக்கியவை நீதிமன்றங்கள். 1981இல் ரப்பர் பதப்படுத்தும் அச்சு ஒன்றைக் கணினியால் கட்டுப்படுத்தும் முறைக்கு உச்ச நீதிமன்றம் பாதுகாப்புத் தந்தது. 1982இல் காப்புரிமை மேல்முறையீடுகளையெல்லாம் ஒரே இடத்தில் விசாரிக்கும் நீதிமன்றம் ஏற்பட்டது. 1998இல் அந்த நீதிமன்றம் ஸ்டேட் ஸ்ட்ரீட் வழக்கில், பயனுள்ள விளைவு தரும் கணினிவழி வணிக முறைக்கும் காப்புரிமை உண்டு என்று கதவைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டே ஒரு சொடுக்குக் காப்புரிமை வெளிவந்தது. அதன் பிந்தைய வரலாறு முழுவதையும் பார்த்தால், இந்த ஏற்பாடு எவ்வளவு உறுதியற்ற தரையில் நின்றது என்பது புரியும். 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. கம்ப்யூசர்வ் நிறுவனம் முன்பே பங்குச்சந்தை வரைபடங்களை ஒரே சொடுக்கில், வரைபடத்துக்கு 50 சென்ட் வீதம், விற்றிருந்தது. எனவே காப்புரிமையின் செல்லுபடியே சந்தேகத்துக்குரியது என்றது நீதிமன்றம். 2002இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. பிறகு நியூசிலாந்து நடிகர் பீட்டர் கால்வெலி மறு ஆய்வு கேட்டு விண்ணப்பித்தார். 2007இல் 26 உரிமைக் கோரிக்கைகளில் 21ஐ அலுவலகமே நிராகரித்தது. 2010இல் அவை குறுக்கப்பட்ட வடிவில் திரும்ப நிலைபெற்றன. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமோ 2011இல் மேல்முறையீட்டிலும் இதே கருத்தை ஏற்க மறுத்தது. இத்தனைக்கும் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு அமேசான் அந்த வசதியைத் தராமல் இருக்கவில்லை. காப்புரிமை இல்லாத சந்தையிலும் அந்தப் பொத்தான் லாபம் தந்தது. காப்புரிமை இல்லாவிட்டால் யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு தேவையில்லை.

பெரிய நிறுவனங்களுக்கு இடையில் இந்த ஆயுதம் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு அடோபி, மேக்ரோமீடியா வழக்கு நல்ல பாடம். கருவிப் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தாவல்களைத் தொட்டு மாற்றிக்கொள்ளும் வசதிக்கு அடோபி 1996இல் காப்புரிமை பெற்றிருந்தது. 2000இல் அதை வைத்து மேக்ரோமீடியா மீது வழக்குத் தொடுத்தது. 2002 மே மாதத் தொடக்கத்தில் டெலவேர் ஜூரி அடோபிக்கு 28 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. சில நாட்களிலேயே இன்னொரு ஜூரி, மேக்ரோமீடியாவின் காப்புரிமைகளை அடோபி மீறியதாகச் சொல்லி 49 லட்சம் டாலர் விதித்தது. ஜூலையில் இருவரும் சமாதானமானார்கள். 2005இல் அடோபி மேக்ரோமீடியாவையே வாங்கிவிட்டது. இரண்டு ஆண்டு வழக்காடியதில் ஓவியருக்கோ வடிவமைப்பாளருக்கோ ஒரு புதிய கருவிகூடக் கிடைக்கவில்லை.

கைபேசிகளின் காலத்தில் இதே கதை பன்மடங்கு பெரிதானது. மின்னஞ்சலில் உள்ள தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைக்கலாம் என்ற வசதி இன்று குழந்தைக்கும் தெரியும். அது தொடர்பாக ஆப்பிள் 1996இல் விண்ணப்பித்த காப்புரிமையை எச்டிசி மீறியதாக 2011 டிசம்பரில் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் தீர்ப்பளித்தது. 2012 மே மாதம் எச்டிசியின் புதிய கைபேசிகள் அமெரிக்கச் சுங்கத்தில் தேங்கி நின்றன. விரலால் நகர்த்திப் பூட்டைத் திறக்கும் வசதியின் கதை இன்னும் வேதனையானது. ஐபோனுக்கு முன்பே ஸ்வீடனின் நியோனோட் கைபேசியில் திரையில் விரலை இழுத்துத் திறக்கும் முறை இருந்தது. அதைக் காரணமாகக் காட்டி 2012இல் லண்டன் உயர் நீதிமன்றம் ஆப்பிளின் உரிமையைச் செல்லாது என்றது. 2015இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமும் அப்படியே முடிவு செய்தது. அமெரிக்காவில் சாம்சங் வழக்கில் 2014இல் ஜூரி ஏற்றது, 2016 பிப்ரவரியில் மேல்முறையீட்டு அமர்வு நிராகரித்தது, அதே ஆண்டு அக்டோபரில் முழு அமர்வு திரும்பவும் ஏற்றது. 2017 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்து விவகாரம் ஓய்ந்தது. அதற்கு ஓராண்டு முன்பே ஆப்பிள் தன் ஐஓஎஸ் 10 பதிப்பில் அந்த வசதியைக் கைவிட்டிருந்தது. வசதி மறைந்த பிறகும் அதன் உரிமைக்கு வழக்கு நடந்தது. இருபது ஆண்டு என்ற கால அளவு மென்பொருளின் வாழ்நாளோடு பொருந்தவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு: எந்தக் கண்டுபிடிப்பும் பார்த்தபிறகு எளிதாகத்தான் தோன்றும். பட்டியலின் கடைசிக்கு வந்ததும் திரை ரப்பர்போல் இழுபட்டுத் திரும்பும் ஐபோன் அசைவைக் கண்டுபிடித்த பாஸ் ஆர்டிங் உண்மையிலேயே ஒரு கலைஞர். அவருடைய திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் திறமைக்குப் பரிசு வேண்டும் என்பதும், அந்தப் பரிசு ஏகபோகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் ஒன்றல்ல. எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை இருக்கிறது, பெயருக்கு வணிகக்குறி இருக்கிறது, முதலில் சந்தைக்கு வந்தவருக்குக் கிடைக்கும் நல்லெண்ணமும் இருக்கிறது. ஐபோன் விற்றது இவற்றின் பலத்தால்தான். தடை இருந்தால் போட்டியாளர் வேறு வழி கண்டுபிடிப்பார், அதுவும் வளர்ச்சிதானே என்பது இன்னொரு வாதம். கோப்பு வடிவங்களில் அது சில சமயம் நடந்தது. ஜிஃப் வடிவத்தின் காப்புரிமைத் தொல்லையிலிருந்து பிஎன்ஜி என்ற மேலான வடிவம் பிறந்தது. இடைமுகத்தில் அப்படி நடப்பது அரிது. நாம்கோ நிறுவனத்தின் காப்புரிமையைப் பாருங்கள். ஒரு விளையாட்டு வட்டிலிருந்து ஏறும்வரை காத்திருப்பவருக்கு ஒரு சிறு விளையாட்டைக் கொடுப்பது என்ற கருத்துக்கு 1998இல் காப்புரிமை கிடைத்தது. 1987லேயே கமோடோர் 64 நாடாக்களில் அப்படியொரு விளையாட்டு இருந்தது. ஆனாலும் 2015இல் உரிமை காலாவதியாகும்வரை பிற நிறுவனங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே போகவில்லை. வட்டுகள் மெதுவாக ஓடிய, அந்த வசதி மிகவும் தேவைப்பட்ட ஆண்டுகள் அவை.

முடக்கம் என்றால் எல்லாம் நின்றுபோவது என்று பொருள்கொண்டு, கைபேசிகள் இவ்வளவு வளர்ந்தனவே என்று கேட்பவர்கள் இந்த வெற்றிடத்தைப் பார்ப்பதில்லை. வழக்குச் செலவைத் தாங்க வல்லவர்கள் வளர்ந்தார்கள். திவாலான தொலைத்தொடர்பு நிறுவனமான நார்டெல்லின் காப்புரிமைகளை மட்டும் 2011 ஏலத்தில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து 450 கோடி டாலருக்கு வாங்கின. அந்த ஏலத்தில் சிறிய நிறுவனத்துக்கு இடமில்லை. காப்புரிமைகளை நீதிமன்றம் ரத்து செய்த பிறகு என்ன நடந்தது என்று அல்பெர்டோ கலாசோவும் மார்க் ஷாங்கர்மனும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்கிறது. ரத்தான காப்புரிமைகளின்மேல் எழுந்த பிந்தைய ஆக்கங்கள் சராசரியாக 50 சதவீதம் கூடின. கணினி, மின்னணு, மருத்துவக் கருவித் துறைகளில், அதிலும் பெரிய நிறுவனத்தின் உரிமை சிறியவர்களை மறித்திருந்த இடங்களில், அந்த விளைவு குவிந்திருந்தது. மருந்துத் துறையில் அப்படித் தெரியவில்லை. ஆகவே இது எல்லாக் காப்புரிமைக்கும் எதிரான வாதமல்ல.

உரிமையை வைத்து யாரையும் மறிக்காதபோது என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பட்டியலைக் கீழே இழுத்துவிட்டால் புதிய செய்திகள் வரும் வசதியை லோரன் பிரிக்டர் ட்வீட்டி செயலியில் கொண்டுவந்தார். 2010இல் ட்விட்டர் அதை வாங்கி, 2013இல் காப்புரிமையும் பெற்றது. ஆனால் தற்காப்புக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று முன்பே உறுதி அளித்திருந்தது. அந்த அசைவு இன்று வங்கிச் செயலியிலும் உண்டு, அஞ்சல் செயலியிலும் உண்டு. அதனால் யாரும் நொடித்துப் போகவில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஆலிஸ் வழக்கில் வெறும் கருத்தைக் கணினியில் ஏற்றுவது கண்டுபிடிப்பு ஆகாது என்றது. ஆனால் 2018இல் கோர் வயர்லெஸ் வழக்கில், கைபேசித் திரையில் செயலிகளின் சுருக்கத்தைக் காட்டும் முறை காப்புரிமைக்குத் தகுதியுள்ளது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. கதவு பாதி திறந்தே கிடக்கிறது. 2000இல் எழுந்த எதிர்ப்பின்போது ஜெஃப் பெசோஸே மென்பொருள் காப்புரிமையின் ஆயுளை மூன்று முதல் ஐந்து ஆண்டாகக் குறைக்கலாம் என்று முன்மொழிந்தார். அதைக்கூட எந்தச் சட்டமும் ஏற்கவில்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(k) பிரிவோ வெறும் கணினி நிரலையும் வணிக முறையையும் கணிப்பு நெறியையும் கண்டுபிடிப்பின் வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது. 2005இல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை நீக்கியது. 2016இன் வழிகாட்டு நெறிகள் புதிய வன்பொருளும் வேண்டும் என்று கேட்டன. 2017இல் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. இந்த 3(k) பிரிவு நலிந்துவிடக் கூடாது. காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று 25ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் செயலி எழுதிப் பிழைக்கும் சிறு நிறுவனத்தாரும் அவர்களுடைய சங்கங்களும் அந்த உரிமையை வழக்கறிஞர்களுக்கு மட்டும் விட்டுவிடாமல் தாங்களே கையில் எடுக்க வேண்டும்.