திருகை: வீட்டில் மாவரைக்கும் கருவியின் வரலாறு

திருகை என்பது தானியத்தை உடைக்கவும் மாவாக அரைக்கவும் வீடுகளில் பயன்பட்டுவந்த, கையால் சுற்றும் கல் கருவி ஆகும். திரிகை, ஏந்திரம், எந்திரக்கல் என்றும் இது வழங்கப்படுகிறது. அம்மியும் ஆட்டுக்கல்லும் ஈரப்பொருளை அரைப்பதற்கு உரியவை. திருகை உலர்ந்த தானியத்திற்கு உரியது. ஒரு குடும்பம் எந்தக் கருவியில் மாவரைக்கிறது என்பது அதன் உணவின் சத்தையும் செலவையும் தீர்மானித்தது. அந்த வீட்டில் யார், எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானித்தது.

அரைகல்லும் சுழலும் கல்லும்

மிகப் பழைய மாவரைக்கும் கருவி, சற்றுக் குழிந்த அடிக்கல்லும் அதன்மேல் முன்னும் பின்னும் தள்ளும் குழவியும் சேர்ந்த அரைகல் ஆகும். சிந்துவெளியின் மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் இவ்வகைக் கற்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. சிரியாவின் அபு ஹுரைரா என்னும் புதிய கற்கால ஊரில் கிடைத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்த தேயா மோலிசன், பெண்களின் கால் பெருவிரல், முழங்கால், கீழ்முதுகு ஆகியவற்றில் தேய்மானம் இருப்பதைக் கண்டார். நாள்தோறும் மணிக்கணக்கில் மண்டியிட்டு அரைத்ததன் விளைவு அது என்பது அவர் முடிவு.

தள்ளும் இயக்கம் சுழலும் இயக்கமாக மாறியது பெரிய முன்னேற்றம். சுழலும் திருகையின் மிகப் பழைய சான்றுகளுள் சில ஐபீரியத் தீபகற்பத்தில் கிடைத்துள்ளன. அவை ஏறத்தாழ கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. குழவியை ஒவ்வொரு முறையும் பின்னுக்கு இழுக்கும் போது வீணாகும் உழைப்பு இதில் இல்லை. உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம். இருவர் எதிரெதிரே அமர்ந்தும் சுற்றலாம்.

அமைப்பு

திருகையில் வட்டமான இரு கற்கள் உண்டு. அடிக்கல் அசையாது. அதன் நடுவில் முளை நிற்கும். மேற்கல்லின் நடுத்துளை அந்த முளையில் பொருந்தும். மேற்கல்லின் ஓரத்தில் செங்குத்தான கைப்பிடி செருகப்பட்டிருக்கும். தானியத்தைச் சிறிது சிறிதாக நடுத்துளையில் இட்டுச் சுற்றினால், அது கற்களுக்கு இடையே நசுங்கி, விளிம்பு வழியாக மாவாகவோ நொய்யாகவோ வெளிவரும்.

கற்களின் இடைவெளி கூடினால் பயறு பருப்பாக உடையும். குறைந்தால் மாவு கிடைக்கும். தமிழ்நாட்டில் உளுந்து, துவரை முதலியவற்றை உடைக்கவும், கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றை அரைக்கவும் இது பயன்பட்டது. ஊறவைத்த அரிசியை மாவாக்க உரலும் உலக்கையுமே பெரிதும் உதவின. அரைக்க அரைக்கக் கல்லின் முகம் வழவழப்பாகிவிடும். அப்போது உளியால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். தெருத்தெருவாக வந்து கல் கொத்தித் தருவது ஒரு தொழிலாகவே இருந்தது.

உருளை ஆலையும் வெள்ளை மாவும்

19ஆம் நூற்றாண்டில் மாவரைக்கும் தொழில் வீட்டை விட்டு வெகுதூரம் சென்றது. புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆந்திராஸ் மெக்வார்ட், கடின வார்ப்பிரும்பு உருளைகள் கொண்ட ஆலைக்கு 1874இல் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் ஆலைகளும் உருளைக்கு மாறின.

கல் ஆலை கோதுமை மணியை முழுவதுமாக நசுக்குகிறது. உருளை ஆலையோ மணியைத் திறந்து, தவிட்டையும் முளைக்கருவையும் தனியே பிரித்துவிடுகிறது. முளைக்கருவில் எண்ணெய் இருப்பதால் முழுமாவு விரைவில் சிக்கெடுத்துப் போகும். அது நீங்கிய வெள்ளை மாவு பல மாதங்கள் கெடாது. தொலைதூர வணிகத்திற்கு இது மிகவும் ஏற்றதாக இருந்தது. ஆனால் நார்ச்சத்தும் பி வகை உயிர்ச்சத்துகளில் பெரும்பகுதியும் தவிட்டோடும் முளைக்கருவோடும் போய்விட்டன. உருளை ஆலை பரவுவதற்கு முன்பே, அமெரிக்கரான சில்வெஸ்டர் கிரஹாம் 1837இல் எழுதிய நூலில், தவிடு நீக்காத மாவைக்கொண்டு வீட்டிலேயே ரொட்டி செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தார்.

ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு திருகை

ஆலை மாவு எளிதில் கிடைத்த காலத்தில், தேர்ந்தே வீட்டுத் திருகைக்குத் திரும்பியவர்களில் காந்தியும் ஒருவர். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் வழக்கறிஞராக இருந்தபோது, கடை ரொட்டியை நிறுத்திவிட்டு, ஜெர்மானிய இயற்கை மருத்துவர் லூயி கூனே கூறிய முறைப்படி புளிக்காத முழுமாவு ரொட்டியை வீட்டில் செய்யத் தொடங்கினார். ஆலை மாவு அதற்கு ஒத்துவரவில்லை. எளிமை, உடல்நலம், சிக்கனம் ஆகிய மூன்றையும் கருதி 7 பவுண்டு விலையில் ஒரு கைத்திருகை வாங்கப்பட்டது.

அதன் இரும்புச் சக்கரம் ஒருவர் சுற்ற முடியாத அளவு கனமானது. இருவருக்கு எளிதாக இருந்தது. காந்தியும் அவர் நண்பர் ஹென்றி போலக்கும் குழந்தைகளும் வழக்கமாக அதைச் சுற்றினர். கஸ்தூரிபா சில வேளைகளில் கைகொடுத்தார். ஆனால் அரைக்கும் நேரமே அவர் சமையலைத் தொடங்கும் நேரமாகவும் இருந்தது. காலங்காலமாகப் பெண்களின் மீதே விழுந்திருந்த ஒரு வேலையை ஆண்கள் எடுத்துச் செய்ததை, தன் வரலாற்றில் காந்தி பதிவு செய்த இந்தச் சிறு செய்தி காட்டுகிறது. 1910இல் தொடங்கப்பட்ட டால்ஸ்டாய் பண்ணையிலும் கைத்திருகையில் கோதுமை அரைக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த சத்தியாகிரகக் குடும்பங்களில் தமிழர்களும் இருந்தனர்.

சிறையும் சங்கமும்

இதே கருவி இந்தியச் சிறைகளில் தண்டனைக் கருவியாக இருந்தது. கடுங்காவல் கைதிகளுக்குத் திருகை சுற்றும் வேலை தரப்பட்டது. 1908இல் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் சிறை சென்ற உருதுக் கவிஞர் ஹஸ்ரத் மோகானி, அங்கு மாவரைத்த அனுபவத்தைக் கவிதையிலும் குறிப்பிட்டார்.

1934இல் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் நிறுவப்பட்டது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதன் செயலாளராகப் பொறுப்பேற்றார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய் ஆகியவற்றோடு கையால் அரைத்த மாவையும் சங்கம் ஆதரித்தது. மாவின் சத்தும் கிராமத்தார் இழந்த வேலையும் வெவ்வேறு சிக்கல்கள் அல்ல என்பது அதன் பார்வை. எனினும், ஊதியமின்றி வீட்டில் அரைக்கும் பெண்ணுக்கு மாவு மில் இழப்பாகத் தோன்றவில்லை, விடுதலையாகவே தோன்றியது. மாவு மில்கள் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

திருகையோடு மறைந்தவையும் உண்டு. மகாராட்டிரப் பெண்கள் விடியற்காலையில் திருகை சுற்றியபடி ஓவி என்னும் பாடல்களைப் பாடினர். ஹேமா ராயிர்கரும் கீ புவாத்வானும் தம் குழுவினருடன் இவற்றைத் தொகுத்தனர். இத்தொகுப்பில் 1,00,000க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. மணவாழ்வின் துன்பம், தாய்வீட்டு ஏக்கம், சாதிக் கொடுமை என வேறெங்கும் சொல்ல இயலாதவற்றை அப்பெண்கள் திருகையின் முன்னே பாடினர். மின் ஆலைகள் வந்தபின் பாடும் வழக்கம் குறைந்தது.

இன்றைய வீட்டு ஆலைகள்

இன்று வீடுகளுக்கான மின் மாவு ஆலைகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று, திருகையின் நேர் வாரிசான கல் ஆலை. இதில் கற்களின் இடைவெளியைத் திருகிச் சரிசெய்து நொய் முதல் மென்மாவு வரை பெறலாம். எள், நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துகளும் ஈரத் தானியமும் கல்லில் படிந்து அடைத்துக்கொள்ளும். மற்றொன்று, எஃகு அறைக்குள் வேகமாகச் சுழலும் தகடுகள் தானியத்தை அடித்துப் பொடியாக்கும் வகை. மாவின் மென்மையை இதில் சல்லடை தீர்மானிக்கிறது. இதில் கல் கொத்தும் வேலை இல்லை. ஆனால் இரைச்சல் அதிகம்.

எந்த வகையானாலும், முழுத் தானியத்தை அப்படியே அரைத்தால் தவிடும் முளைக்கருவும் மாவிலேயே தங்கும். அந்த மாவு நெடுநாள் தாங்காது என்பதால், தேவைக்கேற்ப அவ்வப்போது அரைத்துக்கொள்வதே முறை. வீட்டில் திருகை சுழன்ற காலத்தின் பழக்கமும் அதுவே. அன்று அதைச் சுற்றிய கைகளின் வேலையை இன்று மின்சாரம் செய்கிறது.