பட்டுக் கைக்குட்டையும் பதின்வயதுக் குடித்தனமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் தெருக்களில் கேட்பாரற்று வளர்ந்த சிறார்களைப் பற்றி இன்று அறியக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, 1849 முதல் ஏழைகளை நேரில் கண்டு அவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்த இதழாளர் ஹென்றி மேஹ்யூவின் எழுத்துகளிலிருந்து வருவதாகும். 1850இல் அவர் கூட்டிய, இளந்திருடர்களும் நாடோடிச் சிறுவர்களுமாகச் சுமார் 150 பேர் கலந்துகொண்ட கூட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள். எத்தனை முறை சிறை சென்றோம் என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல, எண்ணிக்கை கூடக் கூடக் கைதட்டலும் ஓங்கியது. இதைக் கேடுகெட்ட மனத்தின் சான்றாகக் கொள்வது எளிது. ஆயினும் தங்களைப் பாராட்ட வேறு எவருமில்லாத பிள்ளைகள் அவர்கள் என்பதை மறந்துவிட்டு அந்தக் கைதட்டலை எடைபோட இயலாது.

அச்சிறுவர்கள் கனவான்களின் பையிலிருந்து உருவிய பட்டுக் கைக்குட்டைகள், ஹோல்பர்ன் அருகே ஃபீல்ட் லேன் என்னும் குறுகிய சந்திலிருந்த, திருட்டுப் பொருள் வாங்குவோரின் கடை வாசல்களில் வரிசையாகத் தொங்கின. காய்கனியும் மீனும் கூவி விற்ற 'காஸ்டர்மாங்கர்' எனப்படும் தெரு வியாபாரிகளிடையேயும் கழுத்தில் கட்டும் பட்டுத் துணிக்கு ஆண், பெண், சிறுவர் என்ற வேறுபாடின்றிப் பெருமோகம் இருந்தது. கடையொன்றை அரங்காக்கி ஒரு பென்னிக்கு ஆடல்பாடல் காட்டிய 'பென்னி காஃப்' கொட்டகைகளில் எட்டு முதல் இருபது வயதினர் நிறைந்திருந்தனர். காஸ்டர்மாங்கர் பிள்ளைகள் பதினான்கு, பதினாறு வயதிலேயே இணைசேர்ந்து, வாடகைத் தள்ளுவண்டியை முதலாக வைத்துக் குடித்தனம் தொடங்கினர். இவ்வியாபாரத்தில் சேர்ந்து வாழ்ந்த இணைகளுள் பத்தில் ஒரு பங்கினரே முறைப்படி மணந்தவர்கள் என்று மதிப்பிட்ட மேஹ்யூ, பாதிரியார் கட்டணமின்றி மணம் செய்துவைத்த கிளார்க்கன்வெல் பகுதியில் அது ஐந்தில் ஒன்றாக உயர்ந்ததையும் குறித்துள்ளார். ஒழுக்கக்கேடு என்று கடிந்துரைக்கப்பட்ட வாழ்க்கையில் கைக்காசின்மைக்கு எவ்வளவு பங்கிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

சட்டம் இப்பிள்ளைகளைக் குற்றத்தின் வழியாக மட்டுமே அறிந்தது. பதினாறு வயதுக்குட்பட்ட குற்றவாளியைக் குறைந்தது 14 நாள் சிறையில் வைத்த பின், இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப 1854ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. அதே ஆண்டு பிரிஸ்டலில் சிறுமியருக்கென ரெட் லாட்ஜ் பள்ளியைத் தொடங்கிய மேரி கார்ப்பென்டர், பிள்ளைகளைச் சிறையில் அடைப்பதையே எதிர்த்தவர். எனினும் முன்கூட்டிய சிறைவாசம் என்ற நிபந்தனை 1899இல்தான் நீங்கியது.