பேர் வாங்காத மழை

வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் எழும் புயல்களுக்குப் பேர் வைக்கிற வழக்கம் 2004-இல் தொடங்கியது. எட்டு நாடுகள் ஆளுக்கு எட்டுப் பேர் கொடுத்தன. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் பேர். தொடாவிட்டால் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அவ்வளவுதான். காற்றை அளந்து வைக்கிற பேர் அது. எவ்வளவு தண்ணி கொட்டியது, யார் வீட்டில் பூந்தது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

2005 வடகிழக்குப் பருவமழையில் பேர் வாங்கியவை இரண்டு. ஓமன் வைத்த பேர் 'பாஸ்', அதாவது வல்லூறு. பாகிஸ்தான் வைத்தது 'ஃபானூஸ்', விளக்கு என்று பொருள். வல்லூறு கரைக்கு வருமுன்னே கடலிலேயே சிறகொடிந்தது. விளக்கு டிசம்பர் 10-ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் சோர்ந்துபோய்க் கரையேறியது. சென்னையை முதலில் முழுக்கடித்ததோ, அக்டோபர் கடைசியில் வந்து ஆந்திராவின் ஓங்கோல் பக்கம் கரை கடந்த பேரில்லாத ஒரு ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 27-ஆம் தேதி மழை மட்டும் நுங்கம்பாக்கத்தில் ஏறக்குறைய 27 செ.மீ. அந்த வருஷம் முழுக்க நகரத்தில் பெய்தது 250 செ.மீ.க்கு மேல். வழக்கமாகப் பெய்வது 140.

அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் இதே நகரம் ஏரிகள் வறண்டு தண்ணி லாரிக்குக் காத்துக் கிடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. எங்கள் தெரு ஆயா ஒருத்தி சொல்வாள்: "அன்னிக்குத் தண்ணி வரலன்னு கொடத்தோட லைன்ல நின்னோம். இன்னிக்குத் தண்ணி வந்துடுச்சேன்னு கார்டோட லைன்ல நிக்கிறோம்." இந்த வரிசையைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். அதற்குமுன் கால்வாயைப் பற்றிக் கொஞ்சம்.

நாங்கள் அப்போது மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்தோம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற அந்தத் துண்டை 1877-78-இல், தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலை என்று வெட்டினார்கள். வயிறு ஒட்டிப்போய்ப் பட்டணத்துக்கு நடந்து வந்த சனங்கள் அரைவயிற்றுக் கூலிக்கு வெட்டிய கால்வாய். பேர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் கோமகனுடையது. பின்னால் பறக்கும் ரயில் வந்தது. அதன் தூண்களை இந்தக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள், திருமயிலை ஸ்டேஷனும் அதன்மேலேயே நிற்கிறது. தண்ணி போக வழி குறைந்தது. வழியை அடைத்தது யாரென்று கேட்டபோது எல்லா விரலும் எங்கள் குடிசைகளைத்தான் காட்டின.

அந்தப் பக்கம் தி.நகரைப் பாருங்கள். மாம்பலத்தில் ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்து மனை போட்டு, தியாகராயச் செட்டியார் பேரை வைத்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணி பழைய ஏரியைத் தேடிக்கொண்டு அங்கே வந்து நிற்கிறது. ஏரிக்குள் பங்களா கட்டினால் அது நகரமைப்பு. கால்வாய்க் கரையில் ஓலை வேய்ந்தால் ஆக்கிரமிப்பு. என் அம்மா அந்த நகரமைப்பில்தான் பாத்திரம் தேய்த்தாள். இடுப்பளவுத் தண்ணியில் எங்கள் அரிசிப் பானை மிதந்த அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. மாசக் கடைசியில் அந்த வீட்டம்மா இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டிலும் தண்ணி பூந்திருந்தது, உண்மைதான். அதைக் கழுவிவிட ஆள் வரவில்லை என்பதுதான் கோபம்.

அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. குடும்பத்துக்கு 2000 ரூபாய், அரிசி, வேட்டி, சேலை. டோக்கனுக்கு ரேஷன் கார்டு வேண்டும். எங்கள் கார்டு ஊறி எழுத்தெல்லாம் கரைந்து போயிருந்தது. கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தவர் அதை நுனிவிரலால் தூக்கிப் பார்த்து, "இதுல பேரே இல்லியேம்மா" என்றார். கார்டை நனைத்ததும் அந்த மழைதான் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

நாங்கள் வெறுங்கையோடு திரும்பினோம், உயிரோடு திரும்பினோம். நவம்பர் 6-ஆம் தேதி வியாசர்பாடி நிவாரண மையத்தில் கூட்டம் நெரிந்து ஆறு பேர் செத்தார்கள். அதிலிருந்து சரியாக 42 நாள் கழித்து, டிசம்பர் 18 ஞாயிற்றுக்கிழமை, எம்.ஜி.ஆர். நகரில் மாநகராட்சிப் பள்ளி வாசல். டோக்கன் தருவதற்கு அன்றைக்குத்தான் கடைசி என்று பேச்சு பரவியிருந்தது. விடியுமுன்பே ஆயிரக்கணக்கில் சனம். மழை பிடித்தது, கேட் திறந்தது, முன்னால் விழுந்தவர்கள்மேல் பின்னால் வந்தவர்கள் விழுந்தார்கள். 42 பேர் செத்தார்கள். வங்கக்கடலில் அன்றைக்கும் ஒரு ஆழ்ந்த தாழ்வு மண்டலம் இருந்தது. அதுவும் பேர் வாங்கவில்லை.

வதந்திதான் கொன்றது என்றார்கள். வியாசர்பாடியில் ஆறு பிணம் விழுந்த பிறகும் ஒரே வாசல் வழியாகத்தான் டோக்கன் தர வேண்டுமென்று முடிவெடுத்தது வதந்தியா? கார்டு இருக்கிற வீடு எதுவென்று ரேஷன் கடைக்குத் தெரியும். ஓட்டுக் கேட்க வீடுவீடாக வரத் தெரிந்தவர்களுக்கு டோக்கனோடு வர வழி தெரியாதா? ஏழையென்றால் வரிசையில் நின்று தள்ளுமுள்ளுப்பட்டு வாங்கவேண்டும் என்பது நம் நிர்வாகத்தின் ரத்தத்தில் ஊறியது. தாது வருஷத்தில்கூட மண் சுமந்தால்தான் கஞ்சிக்குக் காசு.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49. அதைக் கொண்டுவந்ததும் புயலல்ல, பேரில்லாத ஒரு காற்றழுத்தத் தாழ்வுதான். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தார்கள், அடையாறு கரை மீறியது. வெள்ளம் வடிந்ததும் கரையோரச் சனங்களை, உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லி, பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. அங்கிருந்து பெண்கள் விடியுமுன் பஸ் பிடித்து மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் வீட்டுவேலைக்கு வருகிறார்கள்.

2023 டிசம்பரில் பெரும்பாக்கத்திலும் தண்ணி பூந்தது. அந்தப் புயலுக்குப் பேர் உண்டு. மிக்ஜாம், மியான்மர் வைத்தது.