வட்டுக்கோட்டைச் செமினறியின் மாணவர் யார்? - ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வி பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதன் விளைவுகளையே எழுதினர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்றோர் என்பது பலகாற் சொல்லப்பட்ட செய்தி. அச்செமினறியினுள் எவர் புக முடிந்தது என்ற வினாவோ அதே அழுத்தத்துடன் எழுப்பப்படுவதில்லை.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் டானியல் பூரின் தலைமையில் இதனை நிறுவினர். ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை அது. மாணவர் தொகை சிறிது. எண்ணிக்கையை முதலிற் கட்டுப்படுத்தியது பாடத்திட்டமன்று, சோறு. கிறிஸ்தவரின் வளவில் உண்பதற்கு வெள்ளாளக் குடும்பங்கள் தம் பிள்ளைகளை அனுப்ப மறுத்தன. ஆகவே, ஆரம்பகால மிஷன் விடுதிகளுக்கான சமையல் வளவுக்கு வெளியே, சைவர் காணியில் நடைபெறலாயிற்று. சாதியைக் கண்டித்த மிஷன் அடுப்படியில் விட்டுக்கொடுத்தது. மாணவர் வேண்டுமெனின் வேறு வழி அவர்களுக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

பிள்ளைகளின் செலவை அமெரிக்க நன்கொடையாளர் ஏற்றனர். அவர்கள் விரும்பிய பெயர்களே பிள்ளைகளுக்கு இடப்பட்டன. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை போன்ற பெயர்கள் இவ்வழக்கின் சுவடுகள். 1824இல் உடுவிலில் தொடங்கிய மகளிர் விடுதிப் பாடசாலையிலோ, கிறிஸ்தவரை மணக்கும் மாணவிக்குச் சீதனத்தையும் மிஷனே கொடுத்தது. பெண்கல்வியைச் சீதனத்தால் வளர்க்க நேர்ந்தமை இச்சமூகத்தின் இயல்பை நன்கு உணர்த்துகிறது.

கோல்புறூக் சீர்திருத்தங்கள் 1833இல் நடைமுறைக்கு வந்து, அரசாங்க உத்தியோகம் சுதேசிகளுக்குத் திறக்கப்பட்டபின் நிலைமை மாறிற்று. தயங்கிய குடும்பங்களே இடம் தேடி வந்தன. கட்டணம் செலுத்தவல்ல, மதம் மாறாத சைவப் பிள்ளைகள் பெருகினர். மதமாற்றம் குறைந்து உத்தியோகத்தர் தொகை வளர்வதைக் கண்ட றூபஸ் அண்டர்சன் தூதுக்குழுவின் வருகையை அடுத்து, 1855இல் செமினறி மூடப்பட்டது. இதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1848இல், பேர்சிவலின் மாணவரான ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார். மதத்தால் எதிரெதிராக நின்ற இவ்விரு நிறுவனங்களும் பெரும்பாலும் ஒரே நிலவுடைமைச் சமூகத்தின் பிள்ளைகளையே நாடின.

ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் பின்னாளிற் பாடசாலை இடாப்புகளில் இடம்பெற்றபோதும், பல இடங்களில் அவர்கள் நிலத்திலேயே இருத்தப்பட்டனர். இடாப்பு வரவைக் காட்டும், வாங்கைக் காட்டாது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கவேண்டுமென 1929 அளவிற் பணிக்கப்பட்டபோது, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அதனை ஆதரித்தது. உயர்சாதியினர் எதிர்த்து மனுச் செய்தனர். 1930இல் பாடசாலைக் கட்டடங்கள் சில தீக்கிரையாக்கப்பட்டன.