கோதுமை வயல்களிடையே ஒரு பள்ளிவாசல்

அமெரிக்க முஸ்லிம்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் நியூயார்க், டெட்ராய்ட் போன்ற மாநகரங்களையே பெரிதும் நாடுவர். ஆயினும், அந்நாட்டில் தொடக்க காலத்தில் எழுந்த பள்ளிவாசல்களுள் ஒன்று, வடக்கு டகோட்டா மாநிலத்தின் ராஸ் என்னும் சிற்றூரை அடுத்த வயல்வெளியில் எழுந்தது. 2010ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அவ்வூரின் மக்கள் தொகை 97 மட்டுமே.

ராஸ் இருப்புப்பாதையால் வாழ்வு பெற்ற ஊர். கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் முன்னோடி நிறுவனம் 1887இல் இப்பகுதியைக் கடந்து மேற்கே தண்டவாளம் அமைத்தது. 1893இல் அப்பாதை பசிபிக் கடற்கரையை எட்டியது. உழவர் விளைத்த கோதுமையைக் குதிரை வண்டியில் ஏற்றிச் சென்று, விற்று, அன்றே வீடு திரும்ப வேண்டும். ஆதலின், சில மைல்களுக்கு ஒரு நிலையமும், அதனருகே உயர்ந்த தானியக் களஞ்சியமும், இரண்டொரு கடைகளும் தோன்றின. அத்தகைய ஊர்களுள் ஒன்றே ராஸ்.

1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலத்தை உரிமையாக்கியது. அந்நிலத்தை நாடி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபு முஸ்லிம் குடும்பங்கள் சில இங்கு வந்தன. அவர்களின் தாயகம் இன்றைய லெபனான். அன்று அது உதுமானியப் பேரரசின் சிரியப் பகுதியாகக் கருதப்பட்டமையால், அவர்கள் சிரியர் என்றே அழைக்கப்பட்டனர்.

நிலவுரிமை முழுமை பெறக் குடியுரிமை வேண்டும். அதுவோ அன்றைய சட்டப்படி வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தினருக்கும் மட்டுமே உரியது. சிரியர் எவ்வினத்தவர் என்று நீதிமன்றங்கள் வழக்காடின. அவர்களும் வெள்ளையரே என்று 1915இல் டவ் என்பவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் உழைப்பால் பண்படுத்திய நிலம் தமக்கே உரியதா என்பது தோலின் நிறத்தைப் பொறுத்திருந்த காலம் அது!

அம்மக்கள் முதலில் வீடுகளிலேயே கூடித் தொழுதனர். 1929இல் பள்ளிவாசல் கட்டினர். அதில் மினாரா இல்லை, குவிமாடமும் இல்லை. பாதி மண்ணுக்குள் அமைந்த, தாழ்ந்த கூரையுடைய எளிய கட்டடம் அது. பனி உறையும் அந்நிலத்தில், தம் வருவாய்க்கேற்ப அவர்களால் இயன்றது அதுவே.

காலம் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. அவ்வாண்டிலேயே பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. 1930களில் கடும் வறட்சி பயிரை அழித்தது. 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டமோ தாயகத்திலிருந்து உறவினர் வரும் வழியை ஏற்கெனவே அடைத்திருந்தது. இளைஞர் பிழைப்பைத் தேடி வெளியேறினர். எஞ்சியோர் பலர் அண்டை வீட்டாருடன் மணவுறவு கொண்டனர். பெயர்கள் மாறின, பிள்ளைகளின் நாவிலிருந்து அரபு மொழி அகன்றது. தொழுவோரின்றிப் பாழ்பட்ட பள்ளிவாசல் 1970களின் இறுதியில் இடிக்கப்பட்டது.

அருகிலிருந்த அடக்கத்தலம் மட்டும் நிலைத்தது. வெளியூர் சென்றோரின் சந்ததியினரும் தம் முன்னோரின் கபர்களை மறக்கவில்லை. 2005இல் அதே இடத்தில் குவிமாடமும் நான்கு சிறு மினாராக்களும் கொண்ட சிறியதொரு பள்ளிவாசல் எழுந்தது. 2018இல் அவ்வடக்கத்தலம் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது.

ராஸ் மக்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. வறட்சியையும் சட்டத்தையும் தனிமையையும் ஒருங்கே எதிர்கொண்டவர்கள் அவர்கள். எனினும், அவர்களின் வரலாறு நம் குடும்பங்களுக்கு ஒன்றை உணர்த்துகிறது. பள்ளிவாசலைக் கட்டி முடிக்க ஓராண்டு போதும்; அதில் நின்று தொழும் தலைமுறையை உருவாக்குவதோ ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் நடைபெற வேண்டிய பணி. ஓதிக்கொடுக்க ஒருவரும், ஓதக் குழந்தைகளும் இல்லாத ஊரில் சுவர்கள் எத்தனை நாள் நிற்கும்?